கொடிக்கயிற்றின் மறுமுனை

லாரி வீட்டில் நிற்கும் நாளில்தான் அந்த வீட்டில் பெரிய துணிகள் துவைபடும். காரணம் ரொம்பச் சாதாரணமானது. வீட்டு முன்னாலிருந்த காலியிடத்தில் கொடி கட்ட ஒரு பக்கம்தான் வசதி இருந்தது, சமையலறை ஜன்னல் கம்பி. எதிர்ப்பக்கம் மரம் கிடையாது, கம்பம் கிடையாது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கலாம்தான், ஆனால் அந்த வீட்டுக்காரர் ஊரைக் கூட்டிவிடுவார். அதனால் நீல நைலான் கயிற்றின் மறுமுனை எப்போதும் லாரிக்கு. கேபின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கம்பியில் ஒரு சுருக்குப் போட்டு இழுத்துக் கட்டினால் எட்டுப் போர்வையும் தாங்கும்.

"உன் பொண்டாட்டி என்னய்யா, லாரிய மாடு மாதிரி கட்டிப் போட்டிருக்கா?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்பார்கள்.

"கட்டிப் போடறதாலதான் வாரத்துல ஒரு நாளாவது வீடு தங்குது" என்பார் அவள் புருஷன். லாரியும் அவருடையது, ஓட்டுவதும் அவர். தெருவுக்கே அவர் டிரைவர்தான்.

இப்போது மூன்று வாரமாக லாரி வீட்டில்தான் அதிகம் நின்றது. டயர் மாற்றும்போது டிரைவருக்கு இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் ஸ்டீயரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நடைக்கு வெளி ஆளைப் போட்டுப் பார்த்தார்கள். வண்டி திரும்பி வந்தபோது சீட்டில் சிகரெட் சுட்ட ஓட்டை இரண்டு, கியரில் புதிதாக ஒரு கரகரப்பு. டிரைவர் அந்த ஓட்டைகளுக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

"வெளி ஆளு எதுக்குங்க? லைசென்ஸ் வெச்சுக்கிட்டு வீட்டுலயே ஒருத்தன் இருக்கான்ல?" என்றாள் அவள்.

"யாரு, அரைமரையா?"

அரைமரை என்பது அவளுடைய தம்பி. வயது முப்பத்தி நாலு, ஒரு பெண் குழந்தைக்கு அப்பன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் இதே லாரிக்கு ஆயில் மாற்றியபோது, அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கையால் பாதி மரை ஏற்றிவிட்டு, ஸ்பேனர் போட மறந்துவிட்டான். நாற்பது கிலோமீட்டர் போனதும் போல்ட் கழன்று விழுந்து, ஆயில் முழுக்க ரோட்டில் கொட்டி, இன்ஜின் இறுகிப் போனது. வண்டி மூன்று மாதம் பட்டறையில் கிடந்தது. அன்றிலிருந்து டிரைவர் அவனை மச்சான் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு அரைமரை என்று கூப்பிடத் தொடங்கினார். தம்பிக்குக் கிடைத்திருந்த வேறொரு வேலையும் அந்தப் பேச்சு பரவியதில் போனது. அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "நிலையா ஒரு வேலைன்னு சொல்லுங்க, அன்னிக்கே பஸ் ஏறிடறேன்" என்று போகும்போது சொன்னாள். சண்டை ஒன்றும் போடவில்லை. தம்பி அக்கா வீட்டின் பின்னறையில் வந்து தங்கினான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. எதை முறுக்கினாலும், முறுக்கி முடித்ததும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுவான். பாதிக் கோடு போல்ட்டின் மேல், மீதிக் கோடு அது உட்காரும் இடத்தில். போல்ட் அசைந்தால் கோடு விலகிவிடும், பார்த்ததும் தெரிந்துவிடும். லாரியோடு நிற்கவில்லை. சமையலறைக் குழாயில் கோடு, கேஸ் அடுப்பில் கோடு, மின்விசிறியில் கோடு. "இவன் பக்கத்துல அசந்து தூங்கிடாத, உன் முட்டியிலயும் கோடு போட்டுடுவான்" என்பார் டிரைவர்.

அவள் விடவில்லை. நான்கு நாள் சோறு போடும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் டிரைவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"சரி. ஆயில் மாத்த நாள் ஆச்சு. ஞாயித்துக்கிழமை அவனே மாத்தட்டும். நான் நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன், வாயத் திறக்க மாட்டேன். வண்டி நல்லபடியா ஸ்டார்ட் ஆச்சுன்னா திங்கக்கிழமை பாட்டில் லோடுக்கு அவன் போகட்டும். ஏதாவது கோளாறுன்னா வெளி ஆளுதான். அப்புறம் இந்தப் பேச்சே இந்த வீட்டுல வரக் கூடாது."

சாவி வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கும். தம்பி அதைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிறு காலை வானம் மூடிக் கிடந்தது. எட்டு மணிக்குத் தம்பி இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்தி, கேபினை முன்னால் சாய்த்துத் தூக்கினான். உள்ளே இன்ஜின் மொத்தமும் வெளியில் தெரிந்தது. டப்பாவை அடியில் தள்ளி, போல்ட்டைக் கழற்றினான். கறுத்த ஆயில் கயிறாக இறங்கியது. டிரைவர் இடுப்புக்கு ஒரு தலையணை கொடுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. இருமுவது மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

ஒன்பது மணிக்குச் சட்டென்று வெயில் வந்தது. ஒரு வாரமாக இந்த வெயிலுக்குத்தான் அவள் காத்திருந்தாள். மூன்று கெட்டிப் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். கண்ணாடிக் கம்பி கேபினோடு சேர்ந்து எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. திரும்பவும் மேகம் மூடிவிடப் போகிறதே என்று அவளுக்கு அவசரம். இன்ஜின் பக்கவாட்டில் கைக்கு எட்டிய ஒரு வளைந்த தகட்டில் கயிற்றைச் சுற்றி, இழுத்துக் கட்டி, மூன்று விரிப்பையும் விரித்துவிட்டாள்.

வண்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்த தம்பியின் தலையில் ஈர விரிப்பு உரசியது.

"அக்கா, காயப்போட உனக்கு இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதா?"

"உன் ஆயிலு நாளைக்கும் இருக்கும். வெயிலு இருக்குமாடா?"

அவன் சிரித்துக்கொண்டே மறுபக்கமாகப் போனான். போல்ட்டை முறுக்கினான், கோடு போட்டான். பழைய ஃபில்டரைக் கழற்றி, அதன் ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, புதியதை ஏற்றினான், கோடு போட்டான். ஆயிலை ஊற்றினான். மூடியைத் திருகினான், அதற்கும் ஒரு கோடு. பதினோரு மணிக்கு, "அக்கா, கொடிய அவுத்துக்க, கேபின இறக்கப் போறேன்" என்றான். விரிப்புகள் காய்ந்திருந்தன. அவள் அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்ஜின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. டிரைவர் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. தம்பி மட்டும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"மாமா, டேஷ்போர்டுல இன்ஜின் விளக்கு எரியுது."

டிரைவர் தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்தார். "தெரியும்" என்றார். "எனக்குத் தெரியும்."

ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டார்கள். அவர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். போனில் அவர் குரலைவிட அவர் பிள்ளைகளின் குரல் சத்தமாகக் கேட்டது.

"மஞ்சளா சிவப்பா?"

"மஞ்சள்தாண்ணே."

"சிவப்புன்னா வண்டிய ஆஃப் பண்ணு, மஞ்சள்னா உக்காந்து தேடு. ஆயில் மாத்தின உடனே வருதுன்னா பெரிய சங்கதி ஒண்ணும் இருக்காதுப்பா. உன் கை பட்ட இடத்தை எல்லாம் ஒருக்காப் பாரு. மூடி, கேஜ் கம்பி, ஃபில்டரு. ஆயில அளவுக்கு மேல ஊத்தியிருக்கியா பாரு. எல்லாம் சரின்னா பேட்டரி வயரக் கழட்டிப் பத்து நிமிஷம் விட்டு மாட்டு. அணைஞ்சா அணைஞ்சுது. டேய், அவன் கண்ணுல குத்தாதடா! உனக்கில்லப்பா, வெச்சுடறேன்."

தம்பி மறுபடி கேபினைத் தூக்கினான். போல்ட்டில் கோடு விலகவில்லை. ஃபில்டரிலும் மூடியிலும் கோடு நேராகவே இருந்தது. கேஜ் கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தான். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில், வரைந்து வைத்த மாதிரி நின்றது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினான். கேபினை இறக்கி ஸ்டார்ட் செய்தான். விளக்கு அணைந்திருந்தது. டிரைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். தம்பி மூச்சை விட்டான். ஒரு நிமிஷம் கழித்து விளக்கு திரும்பவும் எரிந்தது.

"இன்னும் எதையாவது அரைமரையில விட்டிருப்ப" என்றார் டிரைவர்.

"இல்ல மாமா. எல்லாத்துலயும் கோடு இருக்கு."

"கோட்டைப் பத்திப் பேசாத. கோடு போடறது என்ன பெரிய வேலையா? சின்னப் புள்ளைங்க போடுது. உன் கை பட்டா வண்டிக்கு ஆகாது, அவ்ளோதான். வெளி ஆளு சீட்டத்தான் சுட்டான். நீ இன்ஜினயே சுட்டவன்."

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன மனுஷன் அதற்கப்புறம் வாயை மூடவில்லை. தம்பி கேபினைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவள் உள்ளே விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது விரிப்பின் ஓரத்தில் கறுப்பாக ஒரு மசித் தீற்றல் இருந்தது. இத்தனை துவைத்தும் இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தாள். சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்துப் பார்த்தாள். ஒரு முனையில் ஒரு முழத்துக்கு மசி. அந்தத் தகடு ஞாபகம் வந்தது. அதை ஒட்டிப் போன ஒயர்க் கட்டும், கயிற்றை அவிழ்க்கும்போது தகடு கொஞ்சம் கீழே வளைந்திருந்ததும் ஞாபகம் வந்தது.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க..."

"வந்துட்டியா? தம்பிக்கு வக்காலத்து வாங்க நேரமாச்சேன்னு பாத்தேன்" என்றார் டிரைவர். "சொல்லு. இந்தத் தடவை என்ன? காத்தடிச்சுதா? எலி கடிச்சுதா?"

அவள் நின்றாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருஷத்தில் அந்த மனுஷன் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. 'என் பொண்டாட்டி கை வெச்சா எதுவும் கெடாது' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவளுக்கும் அது பிடித்திருந்தது. தம்பியே தேடிக் கண்டுபிடித்துவிடுவான், யார் செய்தது என்று யாரும் கேட்காமலே முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

"சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

டிரைவர் சாப்பிட்டார். தம்பி வரவில்லை. சோறும் முட்டையும் அவன் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. வெளியே கேபின் ஏறுவதும் இறங்குவதும் அவளுக்குக் கேட்டது. தன் மேல் அவளுக்கு வெறுப்பாக இருந்தது. அப்படியும் எழுந்து போகவில்லை.

இரண்டரை மணிக்குத் தம்பி ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றான். கை பட்ட இடமெல்லாம் நாலு தடவை பார்த்தாகிவிட்டது. இனி கை படாத இடத்தைப் பார்ப்போம் என்று ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டு போனான். தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்சாரின் கப்ளர், ஒயரை அதில் மாட்டும் பிளக், பாதி வெளியே வந்து நின்றது. அதன் பூட்டு நாக்கு பழசாகி உடைந்திருந்தது. தகட்டின் விளிம்பில் நீலமாக ஒரு நூல் சிக்கியிருந்தது.

அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அந்த நூலை எடுத்தான், பார்த்தான். ஜன்னல் கம்பியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கப்ளரை அழுத்தினான். அது டக்கென்று உட்கார்ந்தது. பேட்டரி வயரைக் கழற்றி, பத்து நிமிஷம் விட்டு மாட்டி, கேபினை இறக்கி ஸ்டார்ட் செய்தான். ஒரு நிமிஷம் ஆனது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். விளக்கு எரியவில்லை.

"என்னவாம்?" என்றார் டிரைவர்.

"ஒரு சென்சார் கப்ளர் மாமா. ஃபில்டர் கழட்டறப்ப என் கை பட்டு வெளிய வந்திருக்கும்."

"ஆக உன் வேலைதான்."

"ஆமா மாமா."

டிரைவர் நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்து வந்து, இன்ஜினை நிறுத்திவிட்டுத் தம்பி நீட்டிய சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போனை எடுத்து வெளி ஆளின் நம்பரைத் தேடினார்.

அவள் வெளியே வந்தாள்.

"அவன் இல்லங்க, நான். அந்தத் தகட்டுலதான் கொடி கட்டினேன். விரிப்போட கனம் இழுத்துடுச்சு."

டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார்.

"கண்ணாடிய உடைச்சது யாரு? நீ. ரேடியேட்டர் மூடியத் தொலைச்சது? அதுவும் நீ. என் வாட்ச தண்ணி வாளியில போட்டதும் நீதான். அவன் வயசுக்கு அவன் செஞ்ச தப்பை எல்லாம் நீயே செஞ்சிருக்கியேம்மா. இதையும் உன் கணக்குல எழுதிக்கணுமா?"

"இது நெஜமாவே நான்தாங்க."

"அக்கா சும்மா சொல்றா மாமா" என்றான் தம்பி. "என் கைதான் பட்டுச்சு."

"பாத்தியா, அவனே ஒத்துக்கறான்."

இத்தனை வருஷமாகத் தம்பிக்காகச் சொன்ன பொய்யெல்லாம் செல்லுபடியானதாக நினைத்திருந்தாள். இல்லை, ஒன்றுகூடச் செல்லுபடியாகவில்லை. அந்த மனுஷன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேதான் தலையாட்டியிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது சொல்வதற்கு அவளிடம் இருந்தது இந்த ஒரு நிஜம்தான், அதை வாங்க ஆள் இல்லை.

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். மடித்து வைத்த மூன்று விரிப்புகளையும் தூக்கிவந்து குழாயடி வாளியில் முக்கினாள்.

"என்னடி பண்ற?" என்றார் டிரைவர். "காஞ்சதத் திரும்ப நனைக்கற? மரை கழண்டு போச்சா?"

"கேபினத் தூக்குடா" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, விடு..."

"தூக்குடான்னா!"

அவன் கேபினைத் தூக்கினான். அவள் கயிற்றின் ஒரு முனையை ஜன்னலில் கட்டினாள். மறுமுனையைக் காலையில் சுற்றிய அதே தகட்டில் சுற்றி, அதே மாதிரி இழுத்துக் கட்டினாள். விரிப்புகளை அரைகுறையாகப் பிழிந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொன்றாகப் போட்டாள். முதல் விரிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதுக்குத் தகடு லேசாகத் தாழ்ந்தது. டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மூன்றாவது விரிப்பை அவள் போட்டு இழுத்து விரித்ததும் ஒயர்க் கட்டு விறைத்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்ளர் மெதுவாக நகர்ந்து பாதி வெளியே வந்து நின்றது.

விரிப்பிலிருந்து தண்ணீர் மண்ணில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

டிரைவர் தம்பி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

தம்பி பையிலிருந்து நீல நூலை எடுத்துக் காட்டினான்.

"தெரிஞ்சும் என் கைதான் பட்டுச்சுன்ன." டிரைவரின் குரல் இப்போதுதான் நிஜமாக ஏறியது. "ரோட்டுல போறப்ப விளக்கு எரிஞ்சா எரியலன்னு சொல்லுவியா? நான் வருத்தப்படுவேன்னு மறைப்பியா? அக்காவும் தம்பியும் ஒருத்தருக்கொருத்தர் மாத்தி மாத்திப் பொய் சொன்னா நான் எதை நம்பி வண்டியக் குடுக்கறது?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவர் அவளிடம் திரும்பினார்.

"கண்ணாடி?"

"அவன்."

"ரேடியேட்டர் மூடி?"

"அவன்தான்."

"வாட்ச்சு?"

"அதுவும் அவன்தாங்க."

"அந்த ஆயில் போல்ட்டு?"

அவள் சொட்டிக்கொண்டிருந்த விரிப்பின் ஓரத்தைப் பிழிந்தாள்.

"அவன்தான். ஆனா பாதி முறுக்கிக்கிட்டிருந்தவனச் சோறு ஆறுதுன்னு கத்திக் கூப்பிட்டது நான். ஸ்பேனர் போட்டுட்டு வரேன்க்கான்னான். அப்புறம் போட்டுக்கலாம் வாடான்னேன்."

இரண்டு வருஷமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தம்பியும் சொன்னதில்லை. டிரைவர் ஈர விரிப்பை விலக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல அந்தக் கயித்த அவுரு" என்றார் கடைசியில். "மச்சான், அந்தக் கப்ளர நல்லா அழுத்தி ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கு. கோடும் போட்டுடு."

மச்சான் என்று கூப்பிட்டதைத் தம்பி கவனித்தானோ இல்லையோ, அவள் கவனித்தாள். அவர் எழுந்து உள்ளே போகும்போது பையிலிருந்து சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் இன்ஜின் சத்தம் கேட்டது. அவள் டீயும் ரொட்டிப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பொட்டலத்தை நீட்டியவள் அப்படியே படியில் ஏறி, தம்பியின் தோளுக்கு மேலாக எட்டிக் கேபினுக்குள் பார்த்தாள். ஐந்து நிமிஷம் வரை இறங்கவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. பாத்துப் போ. உன் பொண்டாட்டிக்கு போன் பண்ணு."

லாரி திரும்பி, தெரு முனையில் மறைந்தது. அவள் உள்ளே வந்தாள். ஆணி காலியாக இருந்தது. டிரைவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், தூங்கவில்லை.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"விளக்கு?"

"எரியல."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பாத்துட்டுச் சொல்றியா, சும்மா சொல்றியா?"

"பாத்தேங்க" என்றாள் அவள். "ஏறி நின்னு பாத்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.